நாளைய உலகைக் கதையாக எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்?

"உலகம் வேறு மாதிரி இருந்தால்?" என்ற கேள்வியிலிருந்து பிறக்கும் கதைகளை ஊகப் புனைவு என்கிறோம். அறிவியல் புனைகதை, மாய உலகக் கதை, மாற்று வரலாறு எல்லாம் இதற்குள் அடங்கும். நல்ல எதிர்காலத்தை உருவாக்க இந்தக் கதைகள் உண்மையிலேயே உதவும் என்று நம்புகிறவன் நான். எதைக் கட்டுவதாக இருந்தாலும் அதை முதலில் மனசுக்குள் ஒருமுறை வாழ்ந்து பார்க்க வேண்டும். கதை அந்த ஒத்திகைக்கு இடம் தருகிறது. ஆனால் எழுதும்போதும் படிக்கும்போதும் நாம் செய்யும் சில தவறுகள் ஒத்திகையை வீணாக்கிவிடுகின்றன.

எல்லாரும் செய்யும் தவறு, கதையை ஜோசியமாகப் படிப்பது. பலித்ததா, இல்லையா என்று மட்டும் கணக்குப் பார்க்கிறோம். எச். ஜி. வெல்ஸ் 1914இல் வெளியிட்ட 'தி வேர்ல்ட் செட் ஃப்ரீ' நாவலில் அணுகுண்டு வருகிறது. அவருடைய குண்டு ஒரே நொடியில் வெடித்து முடிவதில்லை, நாள்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். ஜோசியம் என்று பார்த்தால் பாதி தப்பு. ஆனால் அந்த நாவலை 1932இல் படித்த இயற்பியலாளர் லியோ சிலார்டுக்கு, மறுவருடம் அணுக்கருத் தொடர்வினை (ஒரு அணு பிளந்து அடுத்தடுத்த அணுக்களையும் பிளக்க வைப்பது) சாத்தியம் என்று தோன்றியபோது, அது உலகத்தை என்ன செய்யக்கூடும் என்பதும் கூடவே புரிந்தது. அந்த யோசனைக்கான தன் காப்புரிமை வெளியே தெரியக் கூடாது என்று அதை பிரிட்டிஷ் கடற்படை நிர்வாகத்திடம் ஒப்படைத்தார். ஹிட்லர் முந்திக்கொள்வாரோ என்ற பயத்தில், 1939இல் அமெரிக்காவை அணு ஆராய்ச்சிக்குத் தூண்டிய கடிதத்தின் பின்னாலும் அவர்தான் இருந்தார். 1945இல் ஜப்பானுக்குச் சரணடைய வாய்ப்புத் தராமல் குண்டு போடாதீர்கள் என்று சக விஞ்ஞானிகளிடம் கையெழுத்து வாங்கியவரும் அவரே. கதை அவருக்குத் தேதியும் தரவில்லை, சூத்திரமும் தரவில்லை. தன் கையில் இருப்பது என்ன விளைவில் போய் முடியும் என்று முன்கூட்டியே பார்க்க வைத்தது. ஒரு கதையை மதிப்பிட இதுதான் சரியான இடம் என்பேன்.

அடுத்த தவறு, கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு கதையை விட்டுவிடுவது. 'மெட்டாவெர்ஸ்' என்ற சொல் நீல் ஸ்டீபன்சன் 1992இல் எழுதிய 'ஸ்னோ கிராஷ்' நாவலில் பிறந்தது. அந்த நாவலில் அரசு நொறுங்கி, நிறுவனங்கள் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆள்கின்றன. அப்படி ஒரு உலகத்தில் மனிதர்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு நுழைந்து புழங்கும், கணினி உருவாக்கிய இடம்தான் மெட்டாவெர்ஸ். 2021இல் ஃபேஸ்புக் நிறுவனம் அந்தச் சொல்லையொட்டித் தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டது. அந்த மெய்நிகர் உலகம் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அதைச் சுற்றி எழுதப்பட்டிருந்த எச்சரிக்கை அவ்வளவாகப் பேசப்படவில்லை.

இதற்கு நேர் எதிராக, எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. வங்க எழுத்தாளர் ரொக்கையா சகாவத் ஹுசைன் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905இல் சென்னையிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில் வெளியானது. சூரிய வெப்பத்தைச் சேமிக்கும் கருவி, மேகத்திலிருந்து நேரடியாக நீர் எடுக்கும் பலூன் எல்லாம் அதில் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடித்தது பெண்களின் பல்கலைக்கழகங்கள். ஒரு பெண் பயமில்லாமல் தெருவில் நடக்கிறாள் என்பதுதான் கதையின் முதல் ஆச்சரியமே. பெண்கள் படித்தால் என்ன நடக்கும் என்று எழுதியவர் 1909இல் பாகல்பூரில் பெண்களுக்கென ஒரு பள்ளி தொடங்கினார். 1911இல் அதைக் கல்கத்தாவில் மீண்டும் தொடங்கினார். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. கனவு, கட்டுமானம் இரண்டையும் ஒரே ஆள் செய்து காட்டியிருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகமாக இருக்கும்.

சரி, அப்படியானால் குறையே இல்லாத உலகத்தை எழுதினால் போதுமா? அங்கேதான் இன்னொரு சறுக்கல். தாமஸ் மோர் 1516இல் எழுதிய 'யுடோப்பியா'வில் தனிச் சொத்து இல்லை, ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான் வேலை. ஆனால் கடினமான, அருவருப்பான வேலைகளைச் செய்ய அங்கே அடிமைகள் இருக்கிறார்கள். சுல்தானா கனவில் காணும் நாட்டிலும் ஆண்கள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்கள். அது வேண்டுமென்றே தலைகீழாக்கிய படம், புரிகிறது. இருந்தாலும் எந்த நல்லுலகத்தைப் பார்த்தாலும் குப்பையை யார் அள்ளுகிறார்கள், வயதானவரை யார் கவனிக்கிறார்கள், வெளியே நிற்பது யார் என்று கேட்டுவிடுங்கள். உங்கள் கதைக்குள் ஒரு அதிருப்தியாளரை வையுங்கள். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கட்டும்.

அழிவை மட்டுமே எழுதுவதும் தவறுதான், ஆனால் இதை நான் கொஞ்சம் தயங்கித்தான் சொல்கிறேன். எச்சரிக்கைக் கதைகள் தேவை. 1983இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'தி டே ஆஃப்டர்' அணுப்போருக்குப் பிந்தைய ஒரு ஊரைக் காட்டியது. அது தன்னை மிகவும் சோர்வடையச் செய்ததாக அதிபர் ரீகனே தன் நாட்குறிப்பில் எழுதினார். அவர் கையில் அதிகாரம் இருந்தது. சாதாரண வாசகனுக்குப் பயம் மட்டும் கிடைத்தால் அவன் புத்தகத்தை மூடிவிட்டுச் சும்மா இருந்துவிடுவான். இருட்டான கதையிலும் யாராவது ஒருவர் ஏதாவது ஒன்றைச் சரிசெய்ய முயல்வதைக் காட்டினால், அவன் பிடித்துக்கொள்ள ஒரு நுனி கிடைக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, வழியைத் தாண்டிக் குதிப்பது. எட்வர்டு பெல்லமி 1888இல் எழுதிய 'லுக்கிங் பேக்வர்டு' நாவலின் நாயகன் 1887இல் தூங்கி 2000இல் கண்விழிக்கிறான். வறுமையும் போட்டியும் ஒழிந்திருக்கின்றன. படித்தவர்கள் பரவசப்பட்டு அந்த நாவலின் கருத்துகளைப் பரப்ப அமெரிக்கா முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட மன்றங்கள் தொடங்கினார்கள். ஒரு நாவலுக்கு இது அபாரமான சாதனை. ஆனால் சில ஆண்டுகளிலேயே அந்த அலை அடங்கிவிட்டது. காரணங்கள் பல இருக்கலாம். எனக்கு உறுத்துவது இதுதான்: மாற்றம் நடந்த காலம் முழுக்க நாயகன் தூங்கிக்கொண்டிருந்தான். எல்லாம் சண்டையே இல்லாமல், தானாகக் கனிந்து நடந்ததாக அவனுக்குச் சொல்லப்படுகிறது. வில்லியம் மோரிஸ் 1890இல் இதற்குப் பதிலாக 'நியூஸ் ஃப்ரம் நோவேர்' எழுதியபோது, மாற்றம் எப்படி வந்தது என்பதற்கே நீண்ட அத்தியாயம் ஒன்றை ஒதுக்கினார். அதில் வேலைநிறுத்தம், துப்பாக்கிச் சூடு, தோல்வி எல்லாம் இருக்கின்றன.

அதனால் நீங்கள் எழுத உட்கார்ந்தால், நூறு வருடம் தள்ளிப் போகாமல், நடுவில் உள்ள ஒரு அசௌகரியமான வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சட்டம் இன்னும் இருக்கிறது, புதியது பாதிதான் வந்திருக்கிறது. அந்த நாளில் ஒரு கூட்டம் நடக்கிறது என்று வைத்துக்கொண்டு, யார் எதை விட்டுக்கொடுக்கிறார்கள், யார் எழுந்து வெளியே போகிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். அப்புறம் அதை உங்களைப் போல யோசிக்காத ஒருவரிடம் கொடுங்கள். வெளியே போனவர் திரும்பி வர என்ன நடந்திருக்க வேண்டும் என்று அவரையே அடுத்த பக்கத்தை எழுதச் சொல்லுங்கள்.