முதல் அரசு கட்டட டெண்டர்: அறிவிப்பைப் படிப்பது முதல் அளவைப் புத்தகம் வரை

பத்து வீடு கட்டிக் கைதேர்ந்தவர்கள்கூட அரசு டெண்டர் என்றதும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். பெரிய ஆட்களுக்கான விளையாட்டு என்ற எண்ணம். அங்கன்வாடி, இரண்டு வகுப்பறை, பள்ளிச் சுற்றுச்சுவர் என்று சில லட்சங்களில் முடியும் வேலைகளும் டெண்டர் வழியாகத்தான் தரப்படுகின்றன. நேர்மையாகக் கட்டத் தெரிந்தவர்கள் ஒதுங்கினால் அந்தச் சுவர் யார் கைக்குப் போகும் என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு நடைமுறையை மட்டும் சொல்கிறேன். இதற்கு அடிப்படை 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகள் (டெண்டர்) வெளிப்படைத்தன்மைச் சட்டமும், அதன்கீழ் வந்த 2000-ஆம் ஆண்டின் விதிகளும்.

படி 1: பதிவு

பொதுப்பணித் துறையிலோ, நீங்கள் வேலை எடுக்க நினைக்கும் துறையிலோ ஒப்பந்ததாரராகப் பதிய வேண்டும். பதிவு வகுப்பு வாரியாக நடக்கும். எந்த வகுப்புக்கு எத்தனை லட்சம் வரை வேலை எடுக்கலாம் என்ற வரம்பும் உண்டு. பான் அட்டை, ஜி.எஸ்.டி. பதிவு, சொத்து மதிப்புச் சான்று, முன் வேலைகளின் சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் கையொப்பச் சான்றையும் உங்கள் பெயரிலேயே வாங்கிவிடுங்கள். அந்தச் சான்று இருக்கும் யு.எஸ்.பி. டோக்கனையும் அதன் கடவுச்சொல்லையும் யாரிடமும் கொடுத்துவைக்காதீர்கள். அது உங்கள் கையெழுத்து.

படி 2: அறிவிப்பைப் படிப்பது

அறிவிப்புகள் மாநில அரசின் டெண்டர் இணையதளத்தில் வருகின்றன. 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேல் என்றால் 30 நாளும் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. காரணத்தை எழுத்தில் பதிவு செய்து மேலதிகாரி இதைக் குறைக்கலாம்.

ஆவணத்தில் முதலில் பார்க்க வேண்டியது தகுதி நிபந்தனைகள். அடுத்து முன்வைப்புத் தொகை, அதாவது டெண்டரில் கலந்துகொள்ள முன்கூட்டியே கட்டும் வைப்பு. மாநில விதிப்படி இது வேலையின் மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பிறகு விலை கேட்கும் முறை. சில டெண்டர்களில் மண் தோண்டுதல், கான்கிரீட் என்று ஒவ்வொரு இனத்துக்கும் (வேலைப் பிரிவுக்கும்) தனி விலை எழுத வேண்டும். சிலவற்றில் துறையின் மதிப்பீட்டுக்கு எத்தனை சதவீதம் மேல் அல்லது கீழ் என்று ஒரே எண் எழுதினால் போதும். இந்த இரண்டாவது முறைதான் புதியவர்களைக் கவிழ்க்கிறது. ஒரு எண்தானே என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு எண்ணுக்குப் பின்னால் எல்லா இனங்களின் கணக்கும் இருக்க வேண்டும்.

திருத்த அறிவிப்பு வந்திருக்கிறதா என்று கடைசி நாள் வரை தினமும் பாருங்கள்.

படி 3: இடத்தைப் போய்ப் பாருங்கள்

என் முதல் வேலை ஒரு சுற்றுச்சுவர். வரைபடத்தை மட்டும் பார்த்து விலை போட்டேன். வேலை கிடைத்த பிறகு போனால், பள்ளிக்குப் போகும் சந்தில் லாரி நுழையவில்லை. ஜல்லியையும் செங்கல்லையும் தெருமுனையில் இறக்கி, ஆட்களை வைத்துத் தலைச்சுமையாகச் சுமக்க வேண்டியிருந்தது. எனக்கு வர வேண்டிய லாபம் முழுக்க அந்தச் சந்திலேயே போய்விட்டது. ஒரு மணி நேரம் செலவழித்து முன்கூட்டியே பார்த்திருந்தால் அந்தக் கூலியையும் விலையில் சேர்த்திருப்பேன்.

இடத்தில் கவனிக்க வேண்டியவை பல. வண்டி எதுவரை வரும்? கான்கிரீட்டை நீராற்ற, அதாவது காயாமல் ஈரமாக வைத்திருக்க, தண்ணீர் எங்கிருந்து கிடைக்கும்? மின் இணைப்பு உண்டா? பக்கத்தில் யாராவது கடைக்காலுக்கு (அஸ்திவாரத்துக்கு) வானம் தோண்டியிருந்தால் எட்டிப் பாருங்கள். எத்தனை அடியில் கெட்டி மண் வருகிறது என்று தெரிந்துவிடும். களிமண்ணோ பாறையோ தென்பட்டால் விலைப்புள்ளி போடும் முன்பே எழுத்து மூலம் விளக்கம் கேட்டுவிடுங்கள்.

படி 4: விலை போடுவது

உங்கள் உழைப்பில் பாதி இங்கேதான் போக வேண்டும். ஒரு கன மீட்டர் 1:1½:3 கான்கிரீட்டை (சிமென்ட், மணல், ஜல்லி விகிதம்) எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 8 மூட்டை சிமென்ட், 15 கன அடி எம் சாண்ட், 30 கன அடி ஜல்லி பிடிக்கும். கணக்குக்காக சிமென்ட் மூட்டை 400 ரூபாய், எம் சாண்ட் கன அடி 60, ஜல்லி 45 என்று வைத்தால் 3,200, 900, 1,350, ஆக 5,450 ரூபாய். இது பொருள் செலவு மட்டும். கொத்தனார், சித்தாள் கூலி, கலவை இயந்திரம், வைப்ரேட்டர், நீராற்றுதல் எல்லாம் இதன் மேல். சென்ட்ரிங்கும் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அடைப்பும்) கம்பியும் தனி இனமாக வருகின்றனவா, இதிலேயே அடக்கமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிமென்ட் மூட்டைக்கு 20 ரூபாய் ஏறினால் ஒரு கன மீட்டருக்கு 160 ரூபாய் கூடும். 200 கன மீட்டர் வேலையில் அது 32,000 ரூபாய். ஆகவே கடைக்காரரிடம் வாய்வார்த்தையாகக் கேட்காமல், எத்தனை நாளைக்கு அந்த விலை நிற்கும் என்று குறிப்பிட்ட விலைப்பட்டியலை எழுதி வாங்குங்கள்.

பில்லில் பிடிக்கப்படுவதையும் எழுதிவையுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வரி 1 சதவீதம். வருமான வரிப் பிடித்தம் தனிநபருக்கு 1 சதவீதம், நிறுவனங்களுக்கு 2 சதவீதம். ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பிடித்தம் 2 சதவீதம். வருமான வரி, ஜி.எஸ்.டி. பிடித்தங்கள் பிறகு கணக்கில் ஈடாகும் என்றாலும், கையில் பணம் புரள வேண்டிய நேரத்தில் அந்தப் பணம் இருக்காது.

வேலை கிடைத்தால் போதும் என்று 20, 25 சதவீதம் குறைத்துப் போடுபவர்களைப் பார்த்து நீங்களும் குறைக்காதீர்கள். மதிப்பீட்டைவிட மிகவும் கீழே போனால் கூடுதல் காப்புத்தொகை (வேலையை ஒழுங்காக முடிப்பீர்கள் என்பதற்கான வைப்பு) கேட்பார்கள். அதைக் கட்டிய பிறகும் கணக்கு இடித்தால் மனிதர்கள் கைவைப்பது சிமென்ட்டிலும் கம்பியிலும்தான். அந்தக் கூரையின் கீழ் உட்காரப்போவது குழந்தைகள்.

படி 5: பதிவேற்றம்

இரண்டு உறை முறையில் சான்றுகள் ஓர் உறையிலும் விலை மற்றோர் உறையிலும் போகும். சான்றுகள் இருக்கும் உறையில் விலையைப் பற்றி ஒரு வரிகூட இருக்கக் கூடாது. விலைப்பட்டியலுக்கான எக்செல் கோப்பை அதே டெண்டர் பக்கத்திலிருந்து இறக்கி, அனுமதித்த கட்டங்களில் மட்டும் நிரப்பி, பெயரை மாற்றாமல் ஏற்றுங்கள். பெயர் மாறினால் கோப்பை ஏற்க மாட்டார்கள். கடைசி நேரம் என்பது இணையதளத்தின் கடிகாரப்படி. ஒரு நாள் முன்னதாகவே முடித்து, ஒப்புகைச் சீட்டை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: திறந்த பிறகு

முதல் உறையில் தேறியவர்களின் விலை உறையை மட்டுமே திறப்பார்கள். விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதென்றால் மிகக் குறைந்த விலை கொடுத்தவரிடம் மட்டுமே பேசலாம். முடிவு தவறு என்று தோன்றினால், ஆணை கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆணையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வேலை கிடைத்தால் காப்புத்தொகை கட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். இடத்தை ஒப்படைத்த தேதியை எழுதி வாங்குங்கள். காலக்கெடுத் தகராறு வந்தால் அந்தத் தாள்தான் பேசும். உங்களுக்குப் பணம் வருவது அளவைப் புத்தகத்தில், அதாவது முடிந்த வேலையின் அளவுகளைப் பொறியாளர் பதியும் புத்தகத்தில், ஏறிய அளவுக்குத்தான். கடைக்காலை மூடுவதற்கு முன்பும், கம்பி கட்டி முடித்த அன்றும் பொறியாளரை அழைத்து அளவைப் பதியச் செய்யுங்கள். மண்ணும் கான்கிரீட்டும் மூடிவிட்டால் ஆழத்தை யாரும் அளக்க முடியாது, கம்பியை எண்ணவும் முடியாது.