கெடி லீயின் சுயசரிதையை இயர்போனோடு படிப்பது எப்படி

ஒரு ராக் பேண்டில் பேஸ், அதாவது அடித்தள ஒலியைத் தருகிற கிட்டார், வாசிப்பவரின் புத்தகத்தை யார் வாங்குவார்கள் என்று என் தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். பாடகர் எழுதினால் வாங்கலாம், கிட்டாரிஸ்ட் எழுதினாலும் சரி, பேஸ் வாசிப்பவர் ஓரமாக நின்று டும் டும் என்று ஏதோ செய்துகொண்டிருப்பவர்தானே. ஆனால் கனடாவின் ரஷ் பேண்டில் கதை வேறு. மொத்தமே மூன்று பேர். அலெக்ஸ் லைஃப்சன் கிட்டார், நீல் பியர்ட் டிரம்ஸும் பாடல் வரிகளும், மிச்சமிருக்கிற அத்தனையும், அதாவது பேஸ், குரல், கீபோர்ட், இதெல்லாம் போதாதென்று காலால் மிதிக்கிற பெடல்கள், கெடி லீ என்ற ஒரே ஆள் தலையில்.

அவர் 2023 நவம்பரில் 'மை எஃபின் லைஃப்' என்று 500 பக்கத்துக்கு மேல் ஒரு சுயசரிதை வெளியிட்டார். முதல் தடவை அதை நான் தப்பாகப் படித்தேன். ரயிலில், பாட்டு எதுவும் கேட்காமல், பரீட்சைக்குப் படிப்பதுபோல் முதல் பக்கத்திலிருந்து வரிசையாக. பாதியில் மூடிவைத்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து வேறு வழியில் படித்தபோதுதான் புத்தகம் திறந்துகொண்டது. அந்த வழியைத்தான் இங்கே சொல்கிறேன், ரஷ் பெயரையே கேள்விப்படாதவர்களுக்கும் சேர்த்து.

முதல் வேலை, ஃபோன் ஸ்பீக்கரை மறந்துவிடுங்கள். நாலு தந்தி பேஸ் கிட்டாரில் ஆகக் கீழான ஒலி தருகிற தந்தி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது, அந்த ஒலியை எழுப்ப உள்ளங்கை அளவு ஃபோனில் இருக்கிற சின்னத் தகட்டால் முடியாது. உங்களுக்குக் கேட்பதெல்லாம் அதன் மேல் அடுக்கு ஒலிகள்தான், குழம்பை விட்டுவிட்டுத் தாளிப்பை மட்டும் நக்கிப் பார்க்கிற மாதிரி. விலையுயர்ந்த ஹெட்போன் எல்லாம் வேண்டாம், காதுக்குள் இறுக்கமாக உட்கார்கிற வயர் இயர்போன் போதும். இறுக்கமாக உட்கார வேண்டும் என்பது முக்கியம், கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் முதலில் கசிந்து போவது பேஸ்தான்.

அடுத்து, பேஸைப் பிரித்துக் கேட்கப் பழகுவது. ராஜா பாட்டுகளில் பேஸை மட்டும் தனியாக முணுமுணுக்கிற ஆட்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்கள் 1981-இல் வந்த 'மூவிங் பிக்சர்ஸ்' ஆல்பத்திலிருந்து 'டாம் சாயர்' பாட்டை எடுத்துக்கொண்டு முதல் ஒரு நிமிஷத்தை மட்டும் மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை குரலோடு போங்கள். (அந்தக் குரல் உச்சத்தில் கிறீச்சிடும், பிடிக்காதவர்கள் நிறைய பேர், எனக்கே இரண்டு வாரம் ஆனது.) இரண்டாம் தடவை டிரம்ஸ். மூன்றாம் தடவை இந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டு, அடியில் எது நகர்கிறது என்று பாருங்கள். கேட்டால் மட்டும் போதாது, வாயை மூடிக்கொண்டு கூடவே முனகுங்கள். பல பேண்டுகளில் பேஸ், டிரம்ஸின் காலடிக்கு மேலேயே கால் வைத்து நடக்கும். இங்கே அது கிட்டாரோடு சண்டை போடும், குரல் ஓய்ந்த இடத்தில் பேசும். முனக வந்துவிட்டதென்றால் பிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இப்போது அதே ஆல்பத்தில் என் செல்லப் பாட்டு, 'ஒய் ஒய் இசட்'. டொராண்டோவில் சொந்தக்காரர் இருக்கிற எந்த வீட்டிலும் இந்த மூன்று எழுத்தையும் பார்த்திருப்பீர்கள், ஊருக்கு வந்து திரும்புகிறவரின் சூட்கேஸ் கைப்பிடியில் ஒட்டியிருக்கிற காகிதப் பட்டையில் பெரிதாக அச்சடித்திருக்கும். டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தின் குறியீடு அது. விமானிகளுக்கு வழிகாட்டும் வானொலிக் கருவி அந்த எழுத்துகளை மோர்ஸ் என்கிற பழைய தந்திச் சங்கேத ஒலியாக அனுப்பிக்கொண்டே இருக்கும், அதைக் கேட்டுத்தான் பாட்டின் தொடக்கத் தாளத்தையே அமைத்தார்கள்.

இதைக் கையில் தட்டிப் பார்க்கத் தமிழ் படித்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. மோர்ஸில் கோடு, புள்ளி என்று இரண்டே ஒலி. பாட்டில் கோடு புள்ளியைப்போல் சரியாக இரண்டு மடங்கு. அதாவது நெடில், குறில். நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று, பள்ளிக்கூடத்தில் படித்ததேதான். ஒய் என்பது "தா த தா தா", இன்னொரு ஒய், மறுபடியும் "தா த தா தா", இசட் என்பது "தா தா த த". ஏழு, ஏழு, ஆறு, மொத்தம் இருபது மாத்திரை. நாலு மாத்திரைக்கு ஒரு தட்டு என்று தொடையில் தட்டினால் ஐந்து தட்டில் ஒரு சுற்று முடியும். இரண்டாவது ஒய்யின் தலை தட்டில் விழாது, இரண்டு தட்டுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும், அங்கேதான் எல்லோருக்கும் கை தடுமாறும். விடாதீர்கள். முதலில் டிரம்ஸ்காரர் சின்ன உலோகத் தட்டுகளில் இந்தத் தாளத்தைத் தனியாக வாசிப்பார், அப்புறம் பேஸும் கிட்டாரும் அதே தாளத்தில் வந்து விழும். பாட்டின் நடுவில் பேஸும் டிரம்ஸும் மாற்றி மாற்றிக் கேள்வியும் பதிலுமாக ஒரு இடம் வருகிறது, தனி ஆவர்த்தனம் கேட்டவர்களுக்கு அங்கே சிரிப்பு வரும். வார்த்தையே இல்லாத பாட்டு இது. 2002 நவம்பரில் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானத்தில் இதை வாசித்தபோது பிரேசில் ரசிகர்கள் மெட்டையே ஓவென்று பாடிக்கொண்டு கூடவே குதித்தார்கள். அந்தக் கச்சேரியின் வீடியோவும் வந்திருக்கிறது. ரசிகர்கள் என்றால் எப்படி இருப்பார்கள் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது அதைத்தான்.

வீடியோ பார்க்கும்போது கெடியின் கையைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். இரண்டு கையும் கீபோர்டில் இருக்கும், வாய் மைக்கில் இருக்கும், பேஸ் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருக்கும். தரையில் கிடக்கிற பெடல் பலகையைக் காலால் மிதித்துத்தான் அதை எழுப்புகிறார். நாலாவதாக ஒரு ஆளை மேடையில் ஏற்றினால் முடிந்துபோகிற விஷயம், செய்யவில்லை.

பின்னால் ஓடுகிற துணி உலர்த்தும் இயந்திரங்களையும் கவனியுங்கள். அலெக்ஸ் பக்கம் ஆம்ப்ளிஃபையர் பெட்டிகள் மலைபோல் அடுக்கியிருக்கும். கெடியின் பேஸ் ஒலி நேராக, எல்லா ஒலிகளையும் கலக்கிற மிக்ஸர் கருவிக்குப் போய்விடுவதால் அவருக்குப் பெட்டியே தேவையில்லை, மேடையின் அந்தப் பக்கம் வெறிச்சென்று இருந்தது. சரி, எதையாவது வைப்போம் என்று டிரையர்களை வைத்து, உள்ளே டீ-ஷர்ட்களைச் சுற்றவிட்டு, கடைசியில் எடுத்து ரசிகர்களிடம் வீசினார்கள். பிறகு ஒரு டூரில் கோழி சுடுகிற அடுப்புகள். கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் ஏப்ரன் கட்டிக்கொண்டு வந்து கோழிக்கு எண்ணெய் தடவிவிட்டுப் போவார். இவ்வளவு கஷ்டமான இசையை வாசிக்கிறவர்கள் தங்களைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பது புரிந்த பிறகு புத்தகத்தின் நகைச்சுவையும் பிடிபடும்.

இதற்குப் பிறகு புத்தகத்தைக் கையில் எடுக்கலாம். முடிந்தால் ஒலிநூல், அவரே வாசித்திருக்கிறார். பாடும்போது கிறீச்சிடுகிற மனிதர் பேசும்போது எதிர்வீட்டு மாமா மாதிரி இருக்கிறார். ஒவ்வொரு ஆல்பம் வரும்போதும் படிப்பதை நிறுத்திவிட்டு அதிலிருந்து ஒரு பாட்டையாவது கேளுங்கள், 1976-இன் '2112' வரும் இடத்தில் அந்த இருபது நிமிஷப் பாட்டை முழுதாகவே கேட்டுவிடுங்கள். கருவிகளில் மட்டும் ஆர்வம் உள்ளவர்களுக்கு அவர் 2018-இலேயே பேஸ் கிட்டார்களைப் பற்றி ஒரு தடி புத்தகம் போட்டிருக்கிறார், அதற்குப் போகலாம். அவருடைய புகழ்பெற்ற 1972 ஃபெண்டர் ஜாஸ் பேஸை மிச்சிகனில் கலமசூ ஊரின் ஒரு அடகுக் கடையில் 200 டாலருக்கு வாங்கினார் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன். யாரோ வட்டி கட்ட முடியாமல் விட்டுப்போனதாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். சுயசரிதையில் ஒயின் பற்றிய பக்கங்களைத் தாராளமாகப் புரட்டிவிடலாம்.

நீல் பியர்ட் வருகிற பக்கங்களைப் புரட்டக்கூடாது. 1997-இல் அவர் மகள் கார் விபத்தில் இறந்தார், அடுத்த வருஷமே மனைவி புற்றுநோயில். பேண்ட் நின்றேபோனது, 2002-இல்தான் மறுபடி புதுப் பாட்டுகளோடு ஆல்பம் வந்தது. 2015 ஆகஸ்ட் 1-ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் கடைசிக் கச்சேரி, மறுவருஷம் நீலுக்கு மூளையில் கட்டி. வெளியே தெரியக்கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டதால் 2020 ஜனவரியில் அவர் இறக்கும்வரை மூன்றரை வருஷம் நண்பர்கள் எல்லோரிடமும் பொய் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பொய் எவ்வளவு கனத்தது என்று கெடி எழுதுகிற இடத்தில் நான் ஒலிநூலை நிறுத்திவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். புத்தகம் வந்து இரண்டு வருஷத்தில் கெடியும் அலெக்ஸும் மறுபடி ரஷ் பெயரில் மேடையேறப் போவதாக அறிவித்தார்கள், டிரம்ஸில் ஜெர்மனியைச் சேர்ந்த அனிகா நிலஸ். அதைத் தெரிந்துகொண்டு படித்தால் கடைசிப் பக்கங்கள் வேறு மாதிரி இருக்கின்றன.

ஒன்றைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். புத்தகத்தின் தொடக்கத்திலேயே அவருடைய அப்பா அம்மாவின் கதைக்கு ஒரு நீண்ட அத்தியாயம் இருக்கிறது, கனமாக இருந்தால் தாண்டிப் போகலாம் என்று அவரே வாசகருக்குச் சொல்கிறார். முதல் தடவை நான் நன்றி சொல்லிவிட்டுத் தாண்டிப் போனேன். புத்தகம் பாதியில் நின்றுபோனதற்கு அதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

இருவரும் போலந்து யூதர்கள். நாஜிகளின் கட்டாய உழைப்பு முகாமில் பதின்வயதில் சந்தித்தார்கள், பிறகு ஆஷ்விட்ஸ். அங்கிருந்து அப்பா டாக்கவ் முகாமுக்கும் அம்மா பெர்கன்-பெல்சன் முகாமுக்கும் பிரிக்கப்பட்டார்கள். போர் முடிந்ததும் அவர் தேடிக்கொண்டு போய் அவளைக் கண்டுபிடித்தார், கல்யாணமும் அங்கேயே அகதி முகாமில் நடந்தது. அப்புறம்தான் கனடா. மகனுக்கு வைத்த பெயர் கேரி. அம்மாவின் வாயில் அது 'கெடி' என்று வந்தது, நண்பர்கள் அதைக் கேட்டுவிட்டு அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். கெடிக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா இறந்துபோனார். துக்க வருஷத்தில் தினமும் ஜெப ஆலயம், இசைக்குத் தடை. அப்பாவின் கடையை அம்மா எடுத்து நடத்தினார். 1974-இல் ரஷ்ஷின் முதல் ஆல்பம் வந்தபோது கடைக் கண்ணாடி முழுக்க மகனின் போஸ்டரை ஒட்டி, காசில்லாத பிள்ளைகளுக்கு ஆல்பத்தைச் சும்மாவே கொடுத்தாராம். வயதான காலத்தில் அந்த அம்மாவின் நினைவு மங்குவதைப் பார்த்ததும் கெடியை எழுத உட்காரவைத்த காரணங்களில் ஒன்று.

பெர்கன்-பெல்சனை 1945 ஏப்ரலில் பிரிட்டிஷ் படை விடுவித்தபோது அம்மாவால் நம்ப முடியவில்லை. வெளியே உலகம் என்று ஒன்று மிச்சமிருந்தால் இதையெல்லாம் எப்படி விட்டுவைத்திருக்கும், ஆகவே உலகமே அழிந்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தார். மகனிடம் இதைச் சொன்னார், மகன் நீலிடம் சொன்னார், நீல் அதை வைத்துப் பாட்டு எழுதினார். 1984-இன் 'ரெட் செக்டர் ஏ'. முகாமின் பெயரோ இனத்தின் பெயரோ அதில் எங்கும் வராது.

அந்த அத்தியாயத்தை முடித்ததும் அந்தப் பாட்டைப் போடுங்கள். டிரம்ஸ் ஓடும், சின்தசைசர் துடிக்கும், கிட்டார் தூரத்தில் கீறிக்கொண்டிருக்கும். இவ்வளவு நேரம் பழகிய பழக்கத்தில் காது தானாகப் பேஸைத் தேடும். கேட்கவில்லையே என்று இயர்போனைக் கழற்றித் துடைக்க வேண்டாம். அதில் பேஸ் கிட்டார் கிடையாது.