டிஸபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டதா? டெல்லியில் வழக்குப் போடும் வழி

"உங்கள் நோய் ராணுவ சேவையால் வந்ததல்ல, சேவையால் அதிகமாகவும் இல்லை" என்று டிஸபிலிட்டி பென்ஷனை (சேவையில் வந்த உடல் குறைபாட்டுக்கான ஓய்வூதியம்) மறுத்துக் கடிதம் வந்தால், பலர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். ஓய்வுபெற்று டெல்லியிலேயே தங்கிவிட்ட நம்மவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்: அந்தக் கடிதம் கடைசி வார்த்தை இல்லை.

முதலில் உங்களைப் பரிசோதித்த ராணுவ மருத்துவர் குழுவின், அதாவது மெடிக்கல் போர்டின், அறிக்கையைக் கையில் எடுங்கள். இல்லையென்றால் உங்கள் சேவை ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு 10 ரூபாய் கட்டி ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை மனு) போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அறிக்கையில் உடல் குறைபாட்டின் சதவீதத்தைப் பாருங்கள். பணிக்காலம் முடித்து வந்தவருக்கு குறைந்தது 20 சதவீதம் இருக்க வேண்டும். அப்புறம், மறுப்புக்குச் சொன்ன காரணத்தை நிதானமாகப் படியுங்கள். 'பீஸ் ஸ்டேஷனில் (போர்ப் பகுதி அல்லாத பணியிடம்) ஆரம்பித்தது', 'பிறவி உடல்வாகு சார்ந்தது' என்று பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும். உங்கள் வழக்கே அந்த வரியில்தான் நிற்கிறது.

ஏன் என்றால், 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் அந்த நோய் குறிக்கப்படவில்லை என்றால், நல்ல உடல்நிலையோடு சேர்ந்தார் என்றுதான் கொள்ள வேண்டும். நோய்க்கும் சேவைக்கும் தொடர்பில்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு. போர்டு காரணம் எழுதியாக வேண்டும். வலிப்பு நோயால் வெளியே அனுப்பப்பட்ட அந்தச் சிப்பாய்க்கு பென்ஷன் கிடைத்தது. 2023 செப்டம்பருக்குப் பிறகு ஓய்வுபெற்றவர்களுக்கு மட்டும் புதிய விதிகள்; அவர்கள் வக்கீலிடம் அதைத் தனியாகக் கேளுங்கள்.

அடுத்து துறைக்குள்ளேயே அப்பீல். கெடு கடிதத்திலேயே இருக்கும். ஸ்பீட் போஸ்ட் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஆறு மாதம் பதிலே வராவிட்டால் அந்த ரசீதுதான் உங்களுக்குச் சாட்சி.

அதன்பின், ராணுவத்தினரின் சேவை வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். டெல்லி பெஞ்ச் ஆர்.கே.புரம் செக்டர் 1, வெஸ்ட் பிளாக் 8இல் இருக்கிறது. ஓய்வுபெற்றவர் தாம் வசிக்கும் பகுதிக்கான பெஞ்சில் மனு போடலாம். ஊர் திரும்பியவருக்குச் சென்னை பெஞ்ச். கடைசி மறுப்பிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். தாமதமாகிவிட்டதா? பென்ஷன் மாதாமாதம் மறுக்கப்படுவதால் தாமத மன்னிப்பு கேட்க இடமுண்டு. ஆனால் 2008 தர்செம் சிங் தீர்ப்பின்படி நிலுவை பொதுவாக மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குத்தான். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பணம் போகிறது.

மனுவில் ரவுண்டிங் ஆஃப் (குறைபாட்டுச் சதவீதத்தை உயர்த்திக் கணக்கிடுவது) கேட்க மறக்காதீர்கள். 2014 ராம் அவதார் தீர்ப்புக்குப் பிறகு 20 சதவீதத்தை 50 ஆகக் கணக்கிட வழி இருக்கிறது. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் தயங்க வேண்டாம். 1987 சட்டப்பணிகள் சட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு இலவச உதவி உண்டு.

அங்கேயும் தோற்றால் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். 2023இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. உயர் நீதிமன்றம் மறுபடி வைத்தியம் பார்க்காது, சட்டம் சரியாகப் பின்பற்றப்பட்டதா என்றுதான் பார்க்கும். ஜெயித்தால் உத்தரவின் சான்றிட்ட நகலை உடனே ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்புங்கள். சொன்ன கெடுவில் பணம் வராவிட்டால், அதே தீர்ப்பாயத்தில் நிறைவேற்று மனு போடலாம்.