பொதுவுடைமையும் மக்களாட்சியும்: சொற்போர் மேடையில் சறுக்கும் இடங்கள்

"நடுவர் அவர்களே, வட கொரியாவின் பெயரிலேயே சனநாயகம் இருக்கிறது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?" என்று கேட்டுவிட்டு அந்த மாணவன் கையிலிருந்த அட்டையை உயர்த்திக் காட்டினான். மண்டபத்தில் நல்ல கைதட்டல். பட்டர்வொர்த்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ‘பொதுவுடைமையும் மக்களாட்சியும் ஒரே அரசில் இணைந்து இயங்க முடியும்’ என்பது தலைப்பு. அவன் தலைப்பை ஒட்டிப் பேசும் அணி. கணீரென்ற குரல், பிசிறில்லாத உச்சரிப்பு. இருந்தாலும் கருத்துக்கான கட்டத்தில் இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்தேன். அடுத்து வெட்டிப் பேச எழுந்த மாணவி, "கம்யூனிஸ்டுகள் எந்த நாட்டிலும் ஓட்டு வாங்கி ஆட்சிக்கு வந்ததில்லை" என்று தொடங்கினாள். அவளுக்கும் இரண்டு போயிற்று.

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சில ஆண்டுகளாக நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து வருகிறேன். தலைப்பின் சொற்கள் சற்று மாறும்; தவறுகள் மாறுவதில்லை. பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே அரசியல் பேசும் பெரியவர்களிடமிருந்துதான் பாதித் தவறுகள் அவர்களுக்கு வந்து சேர்கின்றன. மீதி வாட்ஸ்அப்பில் வருகின்றன, பெரும்பாலும் லெனின் எங்கும் சொல்லாத ஒரு வாசகமாக, லெனின் படத்தோடு.

முதலில் பெயர் விவகாரத்தை முடித்துவிடுவோம். வட கொரியா, பழைய கிழக்கு ஜெர்மனி இரண்டுமே பெயரில் சனநாயகத்தைச் சுமந்தவை. சீன அரசியலமைப்பின் முதல் பிரிவே தன் அரசை ‘மக்கள் சனநாயகச் சர்வாதிகாரம்’ என்றுதான் சொல்கிறது. அங்கே கம்யூனிஸ்ட் கட்சி தவிர எட்டுக் கட்சிகள் சட்டப்படியே இயங்குகின்றன. எட்டும் அதன் தலைமையை ஏற்றுக்கொண்டவை. பெயரை வைத்துச் சான்று காட்டுவதை இத்தோடு விட்டுவிடலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல், கம்யூனிசம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று பொருள்கள் படுத்திருப்பது. ஒன்று, மார்க்ஸ் பேசிய இலக்கு: வர்க்கமே இல்லாத, காலப்போக்கில் அரசும் உதிர்ந்துபோன சமுதாயம். இன்னொன்று, அந்த இலக்கைச் சொல்லித் தேர்தலில் நிற்கிற அல்லது ஆயுதம் தூக்குகிற கட்சி. மூன்றாவது, அப்படிப்பட்ட கட்சி ஒன்று மட்டுமே ஆளும் ஆட்சிமுறை. சோவியத் யூனியன்கூடத் தன் பெயரில் சோசலிசம் என்றுதான் வைத்துக்கொண்டது. முதல் பொருளை எடுத்துக்கொண்டால் தலைப்பே ஆட்டம் காண்கிறது. அரசே இல்லாமற்போகும் நிலைக்குப் பெயர்தான் பொதுவுடைமை என்றால், ‘ஒரே அரசில்’ அது எப்படி இயங்கும்? இத்தனை ஆண்டுகளில் ஒரே ஓர் அணிதான் எடுத்த எடுப்பிலேயே இந்தக் கேள்வியை எழுப்பி, "நாங்கள் பேசப்போவது கட்சியையும் ஆட்சிமுறையையும் பற்றி" என்று எல்லை கட்டியது. மற்ற அணிகளில் ஒருவர் கேரளத்தைச் சொல்வார், எதிரே இருப்பவர் ஸ்டாலினைச் சொல்வார், இருவரும் ஒருவரையொருவர் மறுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு உட்காருவார்கள்.

அடுத்தது, மக்களாட்சிக்கு எதிர்ச்சொல் பொதுவுடைமை என்று மனப்பாடம் செய்துவிடுவது. ஆலையும் நிலமும் யாருக்குச் சொந்தம் என்பது பொதுவுடைமையின் கேள்வி. ஆள்வோரை யார் அமர்த்துவது, யார் நீக்குவது என்பது மக்களாட்சியின் கேள்வி. இந்த இடம் வரைக்கும் கெட்டிக்கார மாணவர்கள் வந்துவிடுகிறார்கள். வந்ததும், "ஆகவே இரண்டுக்கும் மோதலே இல்லை" என்று முடித்தும் விடுகிறார்கள். அங்கேதான் எனக்கு எரிச்சல் வரும்.

மோதல் நடைமுறையில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள மாஸ்கோவுக்குப் போக வேண்டாம். நம் தாத்தா பாட்டி இருந்த ரப்பர் தோட்டத்தை நினைத்தால் போதும். தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடான லயம் தோட்டத்துடையது. வேலை தோட்டத்துடையது. பள்ளிக்கூடம், மருந்தகம், கள்ளுக்கடை, மாரியம்மன் கோயில் நின்ற நிலம்கூடத் தோட்டத்துடையது. துரையை எதிர்த்துப் பேசியவனுக்கு வேலை போனால் வீடும் போகும், பிள்ளையின் படிப்பும் போகும். அவன் வாயைக் கட்டத் தனியாக ஒரு சட்டம் தேவைப்படவில்லை. ஒரு நாட்டில் எல்லா வேலைக்கும் எல்லா வீட்டுக்கும் அரசு ஒன்றே முதலாளி ஆகிவிட்டால் நடப்பதும் இதுதான். எதிர்க்கட்சி ஒரு துண்டறிக்கை அடிக்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சகம் அரசுடையது, காகிதம் அரசின் ஒதுக்கீடு, அச்சுக் கோப்பவர் அரசு ஊழியர், கூட்டம் போடும் மண்டபத்தின் சாவியும் அரசு அலுவலகத்தில் தொங்குகிறது. தலைப்பை வெட்டிப் பேசுபவர்களிடம் இருக்கும் மிக வலுவான வாதம் இது. சிறைமுகாம்களின் கொடுமையை ஐந்து நிமிடம் குரல் நடுங்க விவரிப்பதைவிட நடுவரிடம் இது எடுபடும், என்னிடமாவது எடுபடும்.

ஒட்டிப் பேசுபவர்கள் அதே தோட்டத்தைத் திருப்பிப் போடலாம். அந்த ஒற்றை முதலாளி பெரும்பாலும் லண்டனில் தலைமையகம் வைத்திருந்த தனியார் கம்பெனிதானே? அப்படியானால் ஆபத்து, உடைமை ஒரே கையில் குவிவதில் இருக்கிறது. பொதுவுடைமையைப் பல கைகளில் பிரித்து வைக்க வழியுண்டு என்று அவர்கள் வாதாட இடமிருக்கிறது. இதற்கு உதாரணமும் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கியபோது, 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய பங்குப் பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. சம்பந்தன் கம்யூனிஸ்ட்டா என்று கேட்டால் சிரிப்பார்கள்; ம.இ.கா. என்ற இந்தியர் காங்கிரஸ் கட்சியின் தலைவர், கூட்டணி அரசின் அமைச்சர். உழைப்பவர்களே உடைமையாளர்களாவது என்ற எண்ணம் எந்தக் கட்சிக்கும் தனிச்சொத்து இல்லை என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இதுவரை ஒரு மாணவரும் சொன்னதில்லை.

கேரளத்துக்கு வருவோம். மேடையில் அதிகமாக அடிபடும் பெயர் அதுதான். 1957 ஏப்ரல் 5 அன்று இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு முதலமைச்சரானார். 126 இடங்களில் கட்சிக்கு 60. சுயேச்சைகளின் ஆதரவோடு ஆட்சி அமைந்தது. "உலகிலேயே முதன்முதலில் ஓட்டு வாங்கி வந்த கம்யூனிஸ்ட் ஆட்சி" என்று இதைச் சொல்வது வழக்கம். அது சரியில்லை. இத்தாலிக்குள் இருக்கும் சான் மரினோ என்ற சின்னஞ்சிறு நாட்டில் 1945இலேயே கம்யூனிஸ்டுகளும் சோசலிஸ்டுகளும் சேர்ந்து தேர்தலில் வென்றுவிட்டார்கள். தேதியைவிடப் பெரிய தவறு, கேரளத்தை முழுச் சான்றாகக் காட்டுவது. கேரளம் ஒரு மாநிலம். ராணுவமும் நாணயமும் அதன் கையில் இல்லை. தலைக்கு மேல் இந்திய அரசியலமைப்பு, உச்ச நீதிமன்றம், தேர்தல் ஆணையம். நிலச்சீர்திருத்தத்தையும் கல்வி மசோதாவையும் எதிர்த்துக் கிளர்ச்சி கிளம்பியதும் 1959 ஜூலை 31 அன்று மத்திய அரசு அந்த ஆட்சியைக் கலைத்தது. அதே நம்பூதிரிபாடு 1967இல் மீண்டும் ஓட்டு வாங்கியே வந்தார். மேற்கு வங்கத்தில் இடதுசாரி முன்னணி 1977 முதல் 34 ஆண்டுகள் ஆண்டு, 2011இல் தோற்றதும் இறங்கிப் போனது. இவையெல்லாம் கம்யூனிஸ்ட் கட்சி மக்களாட்சிக்குள் வாழ முடியும் என்று காட்டுகின்றன. உடைமை முறையையே மாற்றிய ஓர் அரசு மக்களாட்சியாக நீடிக்குமா என்ற கேள்விக்குக் கேரளத்திடம் விடை கிடையாது, அந்தச் சோதனைக்கு அது உட்பட்டதே இல்லை.

மாநிலம் வேண்டாம், முழு நாடு வேண்டும் என்றால் மால்டோவாவை எடுத்துக்கொள்ளலாம். 2001இல் அங்கே கம்யூனிஸ்ட் கட்சி 101 இடங்களில் 71ஐப் பிடித்தது. 2009இல் பெரும்பான்மை போனதும் அதிபர் வொரோனின் பதவி விலகினார். நேப்பாளத்தில் கம்யூனிஸ்ட் பிரதமர்கள் வந்து போவது வழக்கமாகவே ஆகிவிட்டது.

வந்த கதையை மட்டும் சொல்லிவிட்டு, போன கதையை விட்டுவிடுவது இன்னொரு பழக்கம். ரஷ்யாவில் 1917 நவம்பரில் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடந்தது. அப்போது ஆட்சியைப் பிடித்திருந்த போல்ஷெவிக்குகளுக்கு ஏறக்குறைய கால் பங்கு ஓட்டுத்தான் கிடைத்தது; சோசலிஸ்ட் புரட்சியாளர் கட்சி அவர்களை முந்தியது. 1918 ஜனவரியில் கூடிய சபை ஒரே அமர்வோடு கலைக்கப்பட்டது. வெட்டிப் பேசுபவர்கள் கையில் எடுக்க வேண்டிய தேதி இது.

ஆனால் தேர்தல் என்ற ஏணியை எடுத்துவிடுவது ஒரு பக்கத்தார் மட்டும் செய்கிற வேலையில்லை. தென் அமெரிக்காவில் பிரிட்டன் ஆண்டுவந்த பிரிட்டிஷ் கயானாவில் 1953 ஏப்ரலில் செட்டி ஜெகனின் கட்சி 24 இடங்களில் 18ஐ வென்றது. ஜெகன் கரும்புத் தோட்டத்தில் பிறந்த இந்திய வம்சாவளிப் பிள்ளை, மார்க்சியர். 133 நாள்தான். பிரிட்டன் போர்க்கப்பலையும் படையையும் அனுப்பி அரசியலமைப்பையே நிறுத்திவைத்தது. சிலியில் கம்யூனிஸ்டுகளும் அங்கம் வகித்த கூட்டணியின் வேட்பாளர் அயெண்டே 1970இல் அதிபரானார். 1973 செப்டம்பர் 11 அன்று ராணுவம் அவர் ஆட்சியைக் கவிழ்த்தது. ஜெகனோ 1992இல், எழுபத்து நான்காம் வயதில், ஓட்டு வாங்கித் தன் நாட்டின் அதிபரானார். நம் தோட்டத்துப் பிள்ளைகள் அவர் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை என்பது எனக்கு ஒரு குறை.

நம் நாட்டுக்கு வந்தால் வாதம் சூடாகிவிடும், தகவல் குறைந்துவிடும். காட்டில் ஆயுதம் தூக்கிய கம்யூனிஸ்டுகளை ஒடுக்க பிரிட்டிஷ் அரசு 1948இல் மலாயாவில் அறிவித்த அவசரகாலத்தைப் பற்றி என் பாட்டி ஒன்றே ஒன்றுதான் திரும்பத் திரும்பச் சொல்வார்: பால்மரம் வெட்டப் போகும்போது கைப்பிடிச் சோறுகூடக் கொண்டுபோக முடியாது, முள்கம்பி வேலியின் வாசலில் பால்வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். காட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு போகக் கூடாதென்று அப்படி. மத்தியானம் வரை வெறும் வயிறு. அப்படி வளர்ந்த தலைமுறைக்குக் கம்யூனிஸ்ட் என்றால் காடும் துப்பாக்கியும்தான். அது புரிகிறது. ஆனால் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு சோசலிஸ்டு, தொழிற்சங்கவாதி, கம்யூனிஸ்ட் எல்லாரையும் ஒரே சாக்கில் கட்டுவது வேறு.

தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியைப் பற்றிக் கேட்டால் ஒருவர் தியாகி என்பார், இன்னொருவர் பயங்கரவாதி என்பார். அவர்மீது என்ன குற்றச்சாட்டு என்று இருவருக்குமே தெரியாது: கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்தது. 1949 மே 4 அன்று கோலாலம்பூரின் பூடு சிறையில் தூக்கிலிட்டார்கள். இன்று அந்த இடத்தில் பேரங்காடி நிற்கிறது, பழைய வாசல் மட்டும் மிச்சம். அவர் தலைமை தாங்கிய தொழிற்சங்கச் சம்மேளனம், 1948 ஜூனில், அவசரகாலம் அறிவிக்கப்படுவதற்குச் சில நாள் முன்பே சட்டத் திருத்தத்தால் முடக்கப்பட்டது. அதற்கும் முன்பு, மார்ச்சிலேயே, மலாயா கம்யூனிஸ்ட் கட்சி போராட்டப் பாதைக்குத் திரும்ப முடிவெடுத்திருந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் மாணவருக்கு நான் தாராளமாக மதிப்பெண் போடுவேன்.

தலைப்புக்கு நேராகப் பொருந்தும் மலாயாச் சம்பவம் ஒன்று உண்டு. 1955 டிசம்பர் 28, 29 தேதிகளில் பட்டர்வொர்த்திலிருந்து எட்டிவிடும் தொலைவில், கெடாவின் பாலிங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் மலாயாவின் முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மானும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சட்டப்படி இயங்கும் கட்சியாக ஏற்றுக்கொண்டால் காட்டைவிட்டு வருகிறோம் என்றது ஒரு தரப்பு. கட்சியைக் கலைத்துவிட்டு வாருங்கள் என்றது மறு தரப்பு. பேச்சு முறிந்தது. கடைசி ஒப்பந்தம் தாய்லாந்தின் ஹட்யாயில் கையெழுத்தாக 1989 டிசம்பர் 2 ஆயிற்று.

தோட்டத் துரைகள் கொல்லப்பட்டு அவசரகாலத்துக்குத் தீப்பொறியான சுங்கை சிப்புட்டிலேயே 2008இல் மலேசிய சோசலிசக் கட்சியின் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜை மக்கள் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 2011 ஜூனில் கெப்பாலா பத்தாஸ் அருகே அவர் கட்சியினர் பிடிபட்டார்கள். கம்யூனிசத்தை உயிர்ப்பிக்கிறார்கள் என்பது புகார், கைப்பற்றிய டி-சட்டைகள் சான்று. அவர் உட்பட ஆறு பேர் விசாரணையின்றி ஒரு மாதம் போலக் காவலில் இருந்தார்கள்.

ஜார்ஜ்டவுனில் பழையவர்கள் ஸ்காட் ரோடு என்று சொல்லும் சாலைக்கு இப்போது ஜாலான் டி. எஸ். ராமநாதன் என்று பெயர். 1957 ஜனவரி 1 அன்று நகரம் மாநகரானபோது முதல் மேயரானவர், தொழிலாளர் கட்சிக்காரர். அந்தக் கட்சி பிறகு சோசலிச முன்னணியில் சேர்ந்து, ஓட்டு வாங்கியே மாநகர் மன்றத்தை நடத்தியது. 1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன; 1976இல் சட்டமும் மாறியது. பினாங்கு அரசு 2012இல் ஒரு சட்டம் இயற்றி அவற்றை மீட்கப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மேயரை இன்றும் நியமிக்கத்தான் செய்கிறார்கள்.

போட்டி முடிந்து தேநீர் வேளையில் இதை அந்த மாணவியிடம் சொன்னேன். "அந்தச் சாலையில்தான் சார் எங்கள் பள்ளி பஸ் போகும்" என்றாள். அட்டையின் பின்பக்கத்தில் பெயரை எழுதிக்கொண்டாள்.