கிணற்றைத் தூர்க்காதீர்கள்: சென்னை வீடுகளில் மழைநீர் சேகரிப்புத் தவறுகள்

வடகிழக்குப் பருவமழைக்கு இரண்டு மாதம் இருக்கும்போதுதான் பல குடியிருப்புகளில் மழைநீர் சேகரிப்பு ஞாபகத்துக்கு வருகிறது. புதிதாக அசோசியேஷன் பொறுப்பை ஏற்றவர்கள் ஆர்வத்தோடு கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்க்கிறேன். 2003-ல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியபோது நாங்கள் எல்லோரும் அவசர அவசரமாகச் செய்த அதே வேலைகள், அதே இடத்தில் அதே பிசகோடு நடந்துகொண்டிருக்கின்றன. பைப் மட்டும்தான் புதுசு. அதனால்தான் இதை எழுதுகிறேன். மொட்டை மாடியைப் பெருக்க வேண்டும், வடிகட்டியைக் கழுவ வேண்டும் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். சென்னைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. அளவில் மழை கிடைக்கிறது. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, சுமார் 223 சதுர மீட்டர். ஆக, ஒரு கிரவுண்டு மனையில் வருடத்துக்கு மூன்று லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் 25 லாரிக்கும் அதிகம். கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் வழிந்து போகும். பாதி கைக்கு வந்தாலும் போதும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள், அதிலும் சில நாட்களிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. மெதுவாகத் தண்ணீர் வாங்கும் எந்த அமைப்பும் இந்த ஊருக்குச் சரிப்படாது. கீழே சொல்லப்போகிற பாதித் தவறுகள் இது புரியாததால் வருகிறவை.

குழி தோண்டி ஜல்லி கொட்டுவது

மூன்றடிக்கு மூன்றடி ஒரு குழி, அதில் கருங்கல் ஜல்லி, மேலே மணல். மேஸ்திரியைக் கேட்டால் உடனே இதைத்தான் போட்டுக் கொடுப்பார். குழியின் பாதிக்கும் மேற்பட்ட இடத்தை ஜல்லியே பிடித்துக்கொள்கிறது. மணலின் இடைவெளியைச் சில மழையிலேயே நுண்ணிய சேறு அடைத்துவிடும். அப்புறம் அது வெறும் தொட்டி. ஜல்லியை வெளியே எடுத்துக் கழுவித் திரும்பப் போடுகிற குடியிருப்பு எதையும் நான் பார்த்ததில்லை.

அதற்குப் பதில் உறை கிணறு இறக்குங்கள். மூன்றடி விட்டமுள்ள சிமெண்ட் வளையங்கள் (உறைகள்) ஒன்றன்மேல் ஒன்றாக, 12 அல்லது 15 அடி ஆழம், உள்ளே எதையும் போடாமல் காலியாக, மேலே ஒரு மூடி. தண்ணீர் அதற்குள் விழுவதற்கு முன்னால் ஒரு சின்னத் தொட்டியில் தேங்கிச் சேறு படியட்டும். அந்தத் தொட்டியை வாருவது யாராலும் முடியும்.

மண்ணையும் பார்க்க வேண்டும். அடையாறு, கொட்டிவாக்கம், நீலாங்கரைப் பக்கம் மணல், கேட்காமலே உறிஞ்சும். தி.நகர், அண்ணா நகர், விருகம்பாக்கம் போன்ற இடங்களில் களிமண். அங்கே உறை களிமண்ணைத் தாண்டிக் கீழே உள்ள மணல் அடுக்கைத் தொடுகிற வரைக்கும் போக வேண்டும். கிண்டி, வேளச்சேரிப் பக்கம் சீக்கிரமே பாறை வந்துவிடும். எதிர் வீட்டில் எத்தனை அடி போனார்கள் என்று விசாரித்துவிட்டுத் தோண்டுங்கள். அடுத்த பேட்டையில் சரியாக வந்த ஆழம் உங்கள் தெருவுக்குப் பொருந்தும் என்று நம்பாதீர்கள்.

மாடித் தண்ணீரையும் தரைத் தண்ணீரையும் கலப்பது

மொட்டை மாடியில் விழுவது ஏறக்குறைய சுத்தமான தண்ணீர். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிட்டால், அதன் பிறகு வருவதை வடிகட்டி நேராகச் சம்ப்புக்கு, அதாவது தரையடித் தொட்டிக்கு, கொண்டுபோகலாம். குளிக்க, துவைக்க அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. சோப்பு நுரைக்கும், குழாய் முனையில் உப்புப் படியாது. போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரில் வேகாத பருப்பு மழைத்தண்ணீரில் வெந்துவிடும்.

கார் நிற்கும் தளத்திலும் நடைபாதையிலும் ஓடி வருவது வேறு. அதில் எண்ணெய் இருக்கும், கார் கழுவிய அழுக்கு இருக்கும். கேட்டுக்கு உட்புறம் குறுக்கே ஒரு கால்வாய் வெட்டி, இரும்புச் சட்டம் போட்டு மூடி, அந்தத் தண்ணீரைச் சேறு படியும் தொட்டி வழியாக உறை கிணற்றுக்கு மட்டும் அனுப்புங்கள். சம்ப் பக்கம் அது வரவே கூடாது.

மழைநீர் பைப்பை நேராக போருக்குள் விடுவது

வேண்டாம். சேறு அடைத்தால் போர் போய்விடும், அழுக்கு இறங்கினால் அக்கம்பக்கத்துத் தண்ணீரும் கெடும்.

கிணற்றைத் தூர்ப்பது

மற்றத் தவறுகளை அடுத்த வருடம் சரிசெய்துகொள்ளலாம். இதை முடியாது. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆத்திரம் அடங்காத விஷயம் இதுதான்.

மயிலாப்பூர், மந்தைவெளி, மாம்பலம் என்று பழைய பகுதிகளில் தனி வீட்டின் பின்பக்கம் ஒரு திறந்த கிணறு இருப்பது சாதாரணம். அந்த வீட்டை இடித்து பிளாட் கட்டும்போது முதலில் காணாமல் போவது அந்தக் கிணறு. இடித்த செங்கல், காரை, உடைந்த ஓடு எல்லாவற்றையும் லாரி பிடித்து அப்புறப்படுத்தச் செலவாகும். பக்கத்திலேயே ஆழமாக ஒரு குழி திறந்து கிடக்கிறது. இரண்டு நாளில் கிணறு தரைமட்டம். மேலே கான்கிரீட் போட்டுவிட்டால் இரண்டு கார் நிற்கும்.

மந்தைவெளிப் பக்கம் ஒரு தெருவில் இப்படி நடந்தது. வீட்டுக்காரரின் தாத்தா காலத்துக் கிணறு, முப்பதடி இருக்கும். கோடையில் இறங்கும், முழுக்க வற்றிப் பார்த்ததில்லை என்றார்கள். இடிப்பு வேலை தொடங்கும் முன்பே போய்ச் சொன்னேன், இதை மட்டும் விட்டுவிடுங்கள், சுற்றுச்சுவர் ஓரமாகத்தானே இருக்கிறது என்று. "அது எதுக்கு சார் பழைய கிணறு? 200 அடிக்கு போர் போட்டுத் தர்றோம், ஜம்முனு தண்ணி வரும்" என்றார் அங்கே பொறுப்பில் இருந்தவர். வீட்டுக்காரரும் தலையாட்டிவிட்டார். அடுத்த முறை நான் அந்தப் பக்கம் போனபோது கிணறு இருந்த இடத்தில் தூண் எழும்பிக்கொண்டிருந்தது.

முதல் சில வருடம் போரில் தண்ணீர் வந்தது. பிறகு உப்பு ஏறியது. வாளியில் வெள்ளைப் படலம், கீசர் அடிக்கடி பழுது. 2019 கோடையில் நகரத்துக்குத் தண்ணீர் தந்த முக்கிய ஏரிகள் நான்கும், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், ஒரே நேரத்தில் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்த வருடம் இந்த போர் வெறும் காற்றைத்தான் இழுத்தது. லாரிக்குப் பதிவு செய்துவிட்டு நாட்கணக்கில் காத்திருந்தார்கள். அதே தெருவில் எதிர்ச்சாரியில் ஒரு வயதான அம்மா தன் வீட்டையும் கிணற்றையும் அப்படியே வைத்திருந்தார். மாடிப் பைப்பை ஒரு வடிகட்டி வழியாகக் கிணற்றில் விட்டிருந்தார், அவ்வளவுதான். தண்ணீர் அடியில் கிடந்தது, ஆனால் கிடந்தது. பிளாட்டிலிருந்து குடத்தோடு போய் அவரிடம் கேட்டு வாங்கினார்கள்.

மழைக்குப் பிறகு பிளாட்காரர்கள் என்னைக் கூப்பிட்டு, அந்தக் கிணற்றைத் திரும்பத் தோண்ட முடியுமா என்று கேட்டார்கள். கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துப் போனேன். தூணின் அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டவே கூடாது என்று சொல்லிவிட்டார். கடைசியில் பக்கவாட்டுச் சந்தில் உறை கிணறுகள் இறக்கினோம். இருந்ததை மூடப் பணம் செலவழித்து, அதில் சிறு பங்கு வேலை செய்யும் ஒன்றுக்குத் திரும்பவும் பணம்.

ஒரு திறந்த கிணறு என்ன செய்கிறது என்று பாருங்கள். ஆறடி விட்டம், முப்பதடி ஆழம் என்றால் காலியாக இருக்கும்போது அதன் கொள்ளளவு சுமார் 24,000 லிட்டர். பெருமழையில் ஒரே மூச்சில் இரண்டு லாரித் தண்ணீரை வாங்கிக்கொண்டு, வாங்கும்போதே பக்கவாட்டில் கசியவிட்டுக்கொண்டிருக்கும். மேலடுக்கு நிலத்தடி நீர் ஒரு நல்ல பருவமழையில் ஏறிவிடும். 200 அடியில் பாறை இடுக்கில் இருக்கும் தண்ணீர் அவ்வளவு சுலபமாகத் திரும்ப ஊறாது. கடலை ஒட்டிய பகுதிகளில் அளவுக்கு மீறி உறிஞ்சினால் உப்புநீர் உள்ளே வரும், வந்த உப்பு லேசில் போகாது.

"வறண்ட கிணறு, எதற்கு வைத்திருக்க வேண்டும்?" என்பார்கள். மழைநீரை மண்ணுக்குள் இறக்க வறண்ட கிணற்றைவிடத் தோதான இடம் இல்லை. கொசு வரும் என்பார்கள். நைலான் வலை போட்டு மூடுங்கள். கொசுப் புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடுவது பழைய வழக்கம். குழந்தைகள் விழுந்துவிடும் என்பார்கள். நியாயமான பயம், அதற்கு இரும்புக் கம்பி மூடியும் பூட்டும் இருக்கிறது.

வீட்டைக் கட்டுநரிடம் கொடுக்கப் போகிறீர்களா? ஒப்பந்தத்திலேயே கிணறு இருக்க வேண்டும் என்று எழுதிவிடுங்கள். வரைபடத்தில் அதன் இடத்தைக் குறித்து, தூண்களை அதற்கேற்ப நகர்த்தச் சொல்லுங்கள். இடிப்பதற்கு முந்தின நாளே தடிமனான பலகையோ இரும்புத் தகடோ வைத்து மூடிவிடுங்கள். ஒரு கூடை இடிபாடு விழுந்துவிட்டால், "ஏற்கெனவே பாதி மூடியாச்சே சார்" என்று மிச்சத்தையும் மூடிவிடுவார்கள். பாதி தூர்ந்த கிணறு என்றாலும் கவலையில்லை. மேலே தளம் போடுவதற்குள் வாரிவிடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: பல வருடம் மூடிக் கிடந்த கிணற்றுக்குள் யாரையும் சட்டென்று இறக்காதீர்கள். உள்ளே விஷவாயு தேங்கியிருக்கலாம், காற்றில் பிராணவாயு குறைந்திருக்கலாம். உயிர் போன சம்பவங்கள் உண்டு. கிரேன், வாளி வைத்து மேலிருந்தே வாரும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடுங்கள்.

மழைத்தண்ணீரைக் கழிவுநீர் மேன்ஹோலில் விடுவது

மாடிப் பைப் எங்கே போகிறது என்று பல குடியிருப்புகளில் யாருக்கும் தெரியாது. ஒரு வாளி தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள் கரைத்து மாடியில் ஊற்றிவிட்டு, கீழே ஒவ்வொரு மூடியாகத் திறந்து பாருங்கள். மேன்ஹோலில் மஞ்சள் தெரிந்தால், நவம்பரில் தரைத்தளக் குளியலறையில் ஏன் கழிவுநீர் எதிர்த்து வருகிறது என்ற கேள்விக்கும் பெரும்பாலும் அதுதான் பதில். தெருக் கழிவுநீர்க் குழாயை மழைக்காகப் போடவில்லை. ஒவ்வொரு வீடும் மாடித் தண்ணீரை அதில் திறந்துவிட்டால் அது வழியத்தான் செய்யும், பாதிக்கப்படுவது தாழ்வான வீட்டுக்காரர்.

உபரிக்கு வழி விடாதது

எவ்வளவு பெரிய கிணறும் ஒரு நாள் நிரம்பும். 2015 டிசம்பர் மழையில் ஒரு குடியிருப்பில், உறை கிணறு நிரம்பி வழிந்த தண்ணீர் போக வேறு இடமில்லாமல் லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டது. லிஃப்டைச் சரிசெய்ய ஆன செலவில் அவர்கள் இன்னும் சில உறை கிணறுகள் போட்டிருக்கலாம். சேகரிப்பு அமைப்பு ஒவ்வொன்றிலும் மேல்மட்டத்தில் ஒரு பைப் இருக்க வேண்டும். அது தெருவோர மழைநீர் வடிகாலுக்குப் போக வேண்டும். அந்த வடிகாலைவிட உங்கள் மனை தாழ்வாக இருந்தால் வெளித்தண்ணீர் திரும்பி உள்ளே வராமல் தடுக்கும் வால்வு ஒன்றையும் போடச் சொல்லுங்கள்.

காலி இடம் முழுக்க சிமெண்ட் போடுவது

சுற்றுச்சுவர் ஓரமாக இரண்டடியாவது மண்ணாக விடுங்கள்.

அளந்து பார்க்காமல் விடுவது

கிணறு இருந்தால் மாதம் ஒரு தடவை, மோட்டார் ஓடாத நேரமாகப் பார்த்து, கல் கட்டிய கயிற்றை இறக்கித் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வாட்ச்மேனிடம் சொன்னால் அவரே செய்துவிடுவார். போரில் இது இவ்வளவு சுலபமில்லை, பெரும்பாலும் வற்றிய பிறகுதான் தெரியும். அமைப்பு வேலை செய்கிறதா என்பதற்கு அந்த நோட்டுதான் சாட்சி. இந்த மே மாத அளவையும் போன மே மாத அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மழை சுமாராக இருந்தும் மட்டம் இறங்கவில்லை என்றால் சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது. மழை நன்றாகப் பெய்தும் இறங்கியிருந்தால், செப்டம்பருக்குள் மாடியிலிருந்து ஒவ்வொரு பைப்பாகத் தொடர்ந்து வந்து எங்கே அடைத்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுங்கள்.