மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினால் வன்னிக்கு லாபமா? முற்றத்தில் கணக்குப் பார்க்கும் முறை

ஐரோப்பாவில் கோடை வந்தால் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுகிறார்கள். மின்சாரம் தட்டுப்படும் போதெல்லாம் இலங்கையிலும் அதைச் செய்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நாட்டின் வடக்கே இருக்கும் வன்னியில் அதனால் பலனில்லை. ஒரு தடி, கொஞ்சம் நூல், ஒரு மணிக்கூடு இருந்தால் யாரும் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதலில் உங்கள் ஊரின் உச்சிப்பொழுதை, அதாவது சூரியன் மிக உயரத்தில் நிற்கும் நேரத்தைப் பிடியுங்கள். வெயில் மறைக்காத முற்றத்தில் நிலத்தை மட்டமாக்கி, ஒரு மீற்றர் தடியை நடுங்கள். மேசன்மார் பாவிக்கும் தூக்குக்குண்டைத் தடியின் நுனியிலிருந்து தொங்கவிட்டு, அது நிலத்தைத் தொடும் புள்ளியை மையமாக வைத்துக்கொள்ளுங்கள். காலை பத்தரைக்குப் பிறகு நிழலின் நுனியில் ஒரு ஆணி அடித்து நேரத்தைக் குறியுங்கள். மையத்திலிருந்து ஆணிவரை நூல் பிடித்து வட்டம் கீறுங்கள். பின்னேரம் நிழல்நுனி அந்த வட்டத்தை மறுபடி தொடும் நேரத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் உச்சிப்பொழுது. தை மாதக் கடைசியளவில் வன்னியின் கிளிநொச்சியில் காலை 10.40க்கு அடித்த ஆணிக்குப் பின்னேரம் 2.02க்கு நிழல் திரும்பும், நடு 12.21.

இதில் பிழை வரும் இடங்கள் மூன்று. தடி கிழக்காலோ மேற்காலோ ஒரு பாகை சாய்ந்து, தடியின் அடியையே மையமாக எடுத்தால் விடை 3, 4 நிமிடம் தவறும், தூக்குக்குண்டு அதற்காகத்தான். நிழலின் நுனி மங்கலாகத் தெரிந்தால், சின்ன ஆணித்துளை போட்ட மட்டை ஒன்றைத் தடியின் தலையில் கட்டி, நிலத்தில் விழும் வெளிச்சப் பொட்டின் நடுவைக் குறியுங்கள். குண்டையும் அந்தத் துளைக்கு நேரே தொங்கவிடுங்கள். மூன்றாவது, நிழல் மிகக் குறுகும் கணத்தைக் கண்ணால் பிடிக்க முயல்வது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் கிளிநொச்சிக்கு நேர்மேலே வரும். அப்போது மத்தியானத்தில் தடிக்கு நிழலே இராது. வட்ட முறைக்கு அந்தத் தொல்லை இல்லை.

வருடம் முழுக்கப் பார்த்தால் கிளிநொச்சியின் சராசரி உச்சி 12.08. இலங்கை நேரம் 82.5 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டுக்கு வைக்கப்பட்டது. கிளிநொச்சி இருப்பது 80.4இல், மேற்கே ஒரு பாகைக்கு உச்சி 4 நிமிடம் பிந்தும். பூமியின் சாய்வும் அதன் நீள்வட்டப் பாதையும் சேர்ந்து இதை நவம்பர் தொடக்கத்தில் 11.52க்கும் பெப்ரவரி நடுவில் 12.22க்கும் இழுக்கும். எங்கள் மணிக்கூடு ஏற்கெனவே சூரியனோடு ஒட்டித்தான் ஓடுகிறது.

அடுத்தது பகலின் நீளம். கிளிநொச்சியில் மிக நீண்ட பகல் ஏறக்குறைய 12 மணி 40 நிமிடம், மிகக் குறுகியது 11 மணி 34. லண்டனில் அது 16 மணி 38, 7 மணி 50. அங்கே ஜூனில் மணிக்கூட்டைத் தள்ளாவிட்டால் அதிகாலை 3.43க்கே சூரியன் உதித்துவிடும். ஊர் தூங்கும்போது வீணாகும் அந்த வெளிச்சத்தைத்தான் மாலைக்கு நகர்த்துகிறார்கள். இங்கே சூரியன் மிக வெள்ளன உதிப்பது மே கடைசியில், 5.47க்கு. அதற்குள் பாதி ஊர் எழும்பி, தேத்தண்ணி குடித்து, வயலில் நிற்கும். நகர்த்துவதற்கு மிச்ச வெளிச்சம் இல்லை.

இனி வீட்டுக் கணக்கு. ஒரு கிழமைக்கு லைற் போடும் நேரத்தையும் அணைக்கும் நேரத்தையும் எழுதிவையுங்கள். மின்மானியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க ஏலாது. 9 வாட் எல்ஈடி குமிழ் ஒரு மணித்தியாலத்தில் எடுப்பது 0.009 அலகு. வாட்டை நேரத்தால் பெருக்குங்கள். ஐந்து குமிழ் மாலையில் ஒரு மணித்தியாலம் குறைவாக எரிந்தால் மாதம் 1.35 அலகு மிச்சம். ஆனால் காலை ஐந்துக்கு எழும்பும் வீட்டில், ஆறுக்கு அணைத்த அதே குமிழ்களை இனி ஏழுக்குத்தான் அணைக்கலாம். வந்த 1.35 அப்படியே போய்விடும். 60 வாட் குண்டுக் குமிழ் எரிந்த காலத்தில் இதே கணக்கு மாதம் 9 அலகு. இன்று அந்தப் பேச்சுக்கே பெறுமதி குறைந்துவிட்டது. குளிர்சாதனப் பெட்டிக்கும் தண்ணீர் மோட்டருக்கும் மணிக்கூடு தெரியாது.

பாடசாலைப் பிள்ளைகளின் நேரத்தையும் கட்டாயம் பாருங்கள். ஜனவரி கடைசியில் உதயம் 6.30. ஒரு மணித்தியாலம் தள்ளினால் 7.30, பாடசாலை தொடங்கும் நேரம். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானை நடமாடும் வீதியில் பிள்ளைகள் இருட்டில் சைக்கிள் மிதிக்க வேண்டும். இது ஒன்றே யோசனையைக் கைவிடப் போதும். வெயிலுக்குத் தப்ப வேண்டுமென்றால் வேலை நேரத்தை மாற்றுங்கள்: உதயத்துக்கு 20 நிமிடம் முன்பே வயல்வேலைக்கு வெளிச்சம் போதும், பன்னிரண்டு முதல் மூன்று வரை நிறுத்திவிடலாம்.

இலங்கை இதைச் செய்து பார்த்த நாடு. வரட்சியால் நீர்மின்சாரம் விழுந்த 1996இல், மே 25 முதல் ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் போனது. ஒக்ரோபர் 26இல் அது அரை மணித்தியாலமாகக் குறைந்தது. 2006 ஏப்ரல் 15இல் பழைய நேரம் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி அந்தக் காலம் முழுவதும் பழைய நேரத்திலேயே இருந்தது. அதனால் அந்தப் பத்து வருடத்துக்குள் பிறந்தவர்களுக்குச் சாதகம் கணிக்கும்போது, குறித்த நேரம் பழையதா புதியதா என்று முதலில் கேளுங்கள். புதிய நேரமென்றால் 1996 ஒக்ரோபர் 25 வரை ஒரு மணித்தியாலமும், அதன் பிறகு அரை மணித்தியாலமும் கழியுங்கள். லக்கினம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறும். அரை மணித்தியாலப் பிழையே நாலில் ஒருவருக்கு லக்கினத்தை மாற்றிவிடும். பிறப்புப் பதிவில் நேரம் இருந்தாலும், எந்த மணிக்கூட்டைப் பார்த்து எழுதினார்கள் என்பதைத் தாயிடமோ மருத்துவிச்சியிடமோ கேட்டு உறுதிப்படுத்துங்கள்.