கடுவன் நாய்க்குட்டிக்குக் கருத்தடை செய்யலாமா? கோத்தகிரியிலிருந்து ஒரு வழிகாட்டல்

கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கோத்தகிரியில் எங்கள் தெருவைச் சுற்றி யார் வீட்டுக் கடுவன் குட்டி ஏழெட்டு மாதத்தைத் தொட்டாலும் அந்த வீட்டுக்காரர் என்னிடம் வந்துவிடுவார். டாக்டரிடம் கேட்கத் தயங்குவதை என்னிடம் கேட்பார்கள். "அக்கா, பையன் காலைத் தூக்கிப் போக ஆரம்பிச்சிட்டான். ஆபரேஷன் பண்ணிடலாமா, வேணாமா?"

நான் உடனே பதில் சொல்வதில்லை. திருப்பி மூன்று கேள்வி கேட்பேன். ராத்திரி எங்கே படுக்கிறான்? வளர்ந்து முடிந்தால் எவ்வளவு பெரிசாவான்? பயந்த சுபாவமா, தெம்பானவனா? "செய்யணும்", "செய்யக்கூடாது" என்று எல்லா நாய்க்கும் பொதுவாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. இந்த மூன்றுக்கும் உண்மையான விடை கையில் இருந்தால் டாக்டரிடம் பேசுவதும் சுலபம்.

முதலில் வாசல் கேட்டும் வேலியும்

மலையில் முதல் கேள்விதான் பெரிய கேள்வி. கீழே சமவெளியில் ஊர் சுற்றும் நாய்க்கு லாரி எமன் என்றால் இங்கே சிறுத்தை. கோத்தகிரியிலும் குன்னூரிலும் குடியிருப்புக்குள்ளேயே ராத்திரி சிறுத்தை நடந்து போவதும், வாசலில் படுத்திருக்கும் நாயைக் கவ்விக்கொண்டு போவதும் கேமராவில் பதிவாகி எல்லோர் போனுக்கும் வந்திருக்கிறது. தேயிலைக் காட்டுக்குள் தனியாக நடக்கும் நாய் அதற்கு எளிதான இரை.

சரி, நாய் ஏன் தனியாக நடக்கிறது? பெட்டைக்காகத்தான். ஒரு பெட்டை ஏறத்தாழ ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். மூன்று வாரம் அந்த வாசனை இருக்கும். ரோட்டுக்குக் கீழே லைன் வீட்டில் ஒரு பெட்டை பருவத்துக்கு வந்தால், மேட்டு வீட்டுக் கடுவனுக்கு அன்று சாயங்காலமே தெரிந்துவிடும். சோற்றுத் தட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்து போவான். கேட்டோரம் நின்று மூக்கைத் தூக்கிக் காற்றைப் பிடிப்பான். வாயோரம் நுரை கட்டும், கீழ்த்தாடை தடதடவென்று ஆடும். கூப்பிட்டால் காது திரும்பும், ஆள் திரும்பமாட்டான். பிறகு மெல்லிய குரலில் முனகல், விடிய விடிய. நடுராத்திரி கம்பிவேலிக்கு அடியில் மண்ணைப் பறித்துக் குழி போட்டு வெளியே போயிருப்பான். மூன்று நாள் கழித்துக் காது கிழிந்து, சேறு அப்பி, எலும்பாகத் திரும்பி வருவான். சில நாய்கள் திரும்புவதே இல்லை.

திரும்பி வந்தாலும் வேறு தொல்லைகள் உண்டு. கடுவன்கள் கூட்டமாகச் சண்டை போடுவதில் கழுத்திலும் காலிலும் ஆழமான கடி விழும். ரோமத்துக்குள் மறைந்து, சீழ் பிடித்து, புழு வைத்த பிறகுதான் கண்ணில் படும். இன்னொன்று, பலரும் பேசக் கூச்சப்படுவது: இணை சேர்வதால் நாய்க்கு நாய் ஒட்டிக்கொள்ளும் ஒரு கட்டி. கடுவனின் குறியில் பூப்பூவாக வளரும், உறையிலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம் வரும். அதைப் பார்த்து மூத்திரக் கடுப்பு என்று நினைத்து மோர் கொடுத்துக்கொண்டு நாளைக் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். வின்கிரிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒருமுறை நரம்பில் ஏற்றினால் பெரும்பாலான நாய்களுக்குக் குணமாகிவிடும். ஆனால் அது புற்றுநோய் மருந்து. வாராவாரம் டாக்டரிடம் போகவேண்டும், ரத்தப் பரிசோதனையும் பார்க்கவேண்டும். தெருவில் சுற்றும் கடுவனுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

ஆகவே, உங்கள் வீட்டில் வேலி இல்லையா, நாய் இஷ்டத்துக்கு வெளியே போய் வருகிறதா, என் பதில் ஒன்றுதான்: செய்துவிடுங்கள். நம் வீட்டில் குட்டி பிறக்காது என்பதால் கடுவனைப் பற்றிக் கவலையில்லை என்று நினைக்கிறோம். 63 நாளில் அந்தக் குட்டிகள் யாரோ ஒருவர் வீட்டு விறகுக் கொட்டகையில் பிறக்கும். அதில் பாதி பனியிலும் பசியிலும் போய்விடும். எனக்கு அதைப் பார்த்துப் பார்த்து மனசு விட்டுப்போயிருக்கிறது.

வேலி உறுதி, ராத்திரி வீட்டுக்குள் படுக்கை, வெளியே போனால் கயிற்றோடு மட்டும் என்றால் அவசரமே இல்லை. கருத்தடை செய்யாமலே அந்த நாய் நன்றாக வாழ்ந்து முடிக்கலாம். அப்போது அடுத்த இரண்டு கேள்விகளைப் பாருங்கள்.

உடம்பு வளர்ந்து முடியட்டும்

கடுவனுக்குக் கருத்தடை என்றால் விதைகளை எடுத்துவிடுவதுதான். அந்த விதை சுரக்கும் ஹார்மோனுக்கு எலும்பின் வளர்ச்சியிலும் பங்கு இருக்கிறது. கால் எலும்பின் நுனியில் உள்ள வளரும் பகுதி மூடுவதற்கு அது உதவுகிறது. மூடுவதற்கு முன்பே விதையை எடுத்துவிட்டால் எலும்பு கொஞ்சம் அதிகமாக நீண்டு, மூட்டின் அமைப்பு மாறலாம். சின்ன நாய்க்கு இது பெரிய விஷயமில்லை. பெரிய நாய்க்கு விஷயம்தான்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இதைப் பல வருடங்கள் இனம் இனமாக ஆராய்ந்திருக்கிறார்கள். 2013-இல் கோல்டன் ரெட்ரீவர் பற்றி வந்த ஆய்வில், ஒரு வயதுக்கு முன்பே கருத்தடை செய்த ஆண்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு இரண்டு மடங்கு. ஜெர்மன் ஷெப்பர்டு ஆண்களில், ஒரு வயதுக்கு முன் செய்தவற்றில் 21 சதவீதத்துக்கு ஏதாவது ஒரு மூட்டுக் கோளாறு. செய்யாதவற்றில் 7 சதவீதம். 2020-இல் 35 இனங்களைப் பார்த்தபோது பொமரேனியன் மாதிரி சின்ன இனங்களில் அப்படிக் கூடுதல் எதுவும் தெரியவில்லை. கலப்பு நாய்களில் 20 கிலோவைத் தாண்டுபவற்றுக்குத்தான் ஆபத்து கூடியது.

இதை வைத்து நான் சொல்லும் கணக்கு இது. பொமரேனியன், டேஷண்ட் என்றால் ஆறு மாதத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும். நம் தோட்டத்து நாட்டு நாய் என்றால் ஒரு வயதை ஒட்டி. லாப்ரடார், ராஜபாளையம் மாதிரி கனமான உடம்பு என்றால் ஒரு வயது கட்டாயம் முடியட்டும், ஒன்றரை என்றாலும் நல்லது. ஜெர்மன் ஷெப்பர்டுக்கு அந்த ஆய்வாளர்களே இரண்டு வயதுக்குப் பிறகு என்கிறார்கள். மேடும் பள்ளமும் படிக்கட்டுமாக உள்ள ஊர் நம்முடையது. இங்கே இடுப்பு போன நாய் படும் பாடு தனி.

தள்ளிப்போட்டால் குணம் முற்றிவிடுமே என்று கேட்பீர்கள். 1997-இல் வந்த ஓர் ஆய்வு 57 ஆண் நாய்களை எடுத்துப் பார்த்தது. ஊர் சுற்றுதல், வீட்டுக்குள் மூத்திரம் அடித்தல், மற்ற நாய் மேலும் ஆட்கள் மேலும் ஏறுதல் மூன்றிலும் பத்தில் ஆறுக்கு மேற்பட்ட நாய்களுக்குப் பாதியாவது குறைந்தது. எந்த வயதில் செய்தார்கள், எத்தனை நாளாக அந்தப் பழக்கம் இருந்தது என்பதால் பலன் மாறவில்லை. அதனால் வளரும் வரை காத்திருக்கலாம். காத்திருக்கும் காலத்தில் வேலியைச் சரி செய்யுங்கள்.

பயந்த நாய்க்கு அவசரப்படாதீர்கள்

மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "கடிக்க வர்றான், ஆபரேஷன் பண்ணினா அடங்கிடுவான்" என்று கூட்டி வருவார்கள். எப்போது கடிக்க வருகிறான் என்று பாருங்கள். இன்னொரு கடுவனைக் கண்டால் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி, வாலைத் தூக்கி மோதுகிறான் என்றால் குறைய வாய்ப்பு உண்டு. மாறாக வாலை இடுக்கி, காதைப் பின்னுக்கு மடித்து, மூலையில் ஒதுங்கி, யாராவது கை நீட்டினால் மட்டும் கடிக்கிறான் என்றால் அது பயம். விதையை எடுத்தால் பயம் போகாது. சில நாய்களுக்குக் கூடவும் செய்யலாம். அப்படிப்பட்ட பையனுக்கு முதலில் ஆட்களையும் சத்தத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். தெம்பு வந்த பிறகு யோசிக்கலாம்.

காவல் போய்விடும் என்ற கவலைக்கும் இடமில்லை. கரடி வந்தாலும் காட்டுமாடு வந்தாலும் நாய் குரைப்பது தன் வீடு என்ற உணர்வால். பெட்டை நாய்கள் காவல் காக்கவில்லையா? "ஒரு தடவையாவது சேர்த்துவிட்டு அப்புறம் பண்ணணும்" என்பதற்கும் ஆதாரம் கிடையாது; பெட்டை ருசி கண்டவன் இன்னும் அலைவான்.

கையால் பார்க்கவேண்டியது

என்ன முடிவெடுத்தாலும் இதை ஒருமுறை செய்துவிடுங்கள். குட்டியை நிற்க வைத்து, பின்னாலிருந்து விதைப்பையை விரல் நுனியால் மெல்ல உருட்டிப் பாருங்கள். இளங்குட்டிக்கு மொச்சைக்கொட்டை அளவில் இரண்டு தட்டுப்படவேண்டும். பெரும்பாலும் இரண்டு மாதத்திலேயே இறங்கிவிடும். ஆறு மாதமாகியும் ஒன்றுதான் இருக்கிறது என்றால் இன்னொன்று தொடை இடுக்கிலோ வயிற்றுக்குள்ளேயோ தங்கிவிட்டது. உள்ளே தங்கிய விதையில் கட்டி வரும் வாய்ப்பு பல மடங்கு. அந்த நாய்க்கு யோசனையே வேண்டாம், உடம்பு வளர்ந்ததும் இரண்டையும் எடுத்துவிடவேண்டும். இது பரம்பரையாக வருவது, அதனால் இனப்பெருக்கத்துக்கும் விடக்கூடாது.

மற்றபடி உடல்நலக் கணக்கு இரண்டு பக்கமும் உண்டு. விதையை எடுத்தால் விதைப் புற்று வராது, வயதான காலத்தில் புராஸ்டேட் வீங்கி மலம் கழிக்கச் சிரமப்படுவதும் இருக்காது. எடுத்தால் உடம்பு எளிதில் பெருக்கும், சில இனங்களில் மேலே சொன்ன மூட்டுக் கோளாறும் வரலாம்.

செய்வது என்று முடிவானால்

எங்கே செய்வது என்பதற்கு நம் மாவட்டத்தில் குறையில்லை. அரசு கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன. மசினகுடிப் பக்கம் மாவனல்லாவில் ஐபேன் என்ற விலங்கு நல அமைப்பு இருக்கிறது. வேர்ல்டுவைடு வெட்டர்னரி சர்வீஸ் என்ற தொண்டு நிறுவனம் நீலகிரியில் நடத்தும் பயிற்சி மையத்துக்கு வெளி மாநிலங்களிலிருந்தெல்லாம் டாக்டர்கள் வந்து கருத்தடை அறுவை கற்றுப் போகிறார்கள்.

நாளைத்தான் பார்த்துக் குறிக்கவேண்டும். கூடலூரிலும் ஊட்டிப் பக்கமும் ஆனி, ஆடி மழை; எங்கள் கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை. நனைந்த தையல் ஆறாது. மார்கழி, தையில் உறைபனி. மாசி, பங்குனி எல்லோருக்கும் தோதான காலம்.

தடுப்பூசிகள் முடிந்திருக்கட்டும். கட்டாயம் ரத்தம் எடுத்து, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சல் உள்ளே இருந்தால் நாய் வெளியே நன்றாகத்தான் தெரியும், ஆனால் தட்டணு குறைந்து அறுத்த இடத்தில் ரத்தம் நிற்காமல் போகலாம். தேயிலைக் காட்டில் புரளும் நாய்க்கு உண்ணி இல்லாமல் இருக்காது.

முந்தின ராத்திரிக்கு மேல் சோறு வேண்டாம். தண்ணீரை எப்போது நிறுத்துவது என்று டாக்டர் சொல்வார். மயக்க மருந்து உடம்புச் சூட்டை இறக்கும். அதனால் ஜீப்பில் திரும்பி வரும்போது கம்பளியில் சுற்றி மடியில் வையுங்கள், ஜன்னலை மூடுங்கள். வீட்டில் சிமென்ட் தரையில் படுக்கவிடாமல் சாக்கு விரித்து அடுப்படிக்குப் பக்கமாக இடம் கொடுங்கள்.

கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பைப் பாவம் பார்த்துக் கழற்றாதீர்கள். பத்து நிமிடம் நக்கினால் தையல் பிரிந்துவிடும். பத்துப் பதினான்கு நாளில் தையல் எடுக்கும்வரை குளியலும் ஓட்டமும் வேண்டாம். மஞ்சள், தேங்காயெண்ணெய் எதுவும் தடவக்கூடாது. வலிக்கிறதே என்று பாரசிட்டமாலோ புரூஃபெனோ கொடுத்துவிடாதீர்கள், அவை நாய்க்கு விஷம். வெறும் பை சில நாள் வீங்கி, இன்னும் விதை உள்ளே இருப்பது போலத் தெரியும், அது வற்றிவிடும். ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தாலோ, நாற்றம் வந்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மறுநாளும் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சோற்றை ஐந்தில் ஒரு பங்கு குறையுங்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவேண்டும், கண்ணுக்குத் தெரியக்கூடாது. குழாயில் தங்கிய விந்து இருக்கும் என்பதால் ஒரு மாதத்துக்குப் பெட்டையிடம் விடக்கூடாது. ஹார்மோன் சில நாளில் இறங்கிவிடும், பழக்கம் இறங்கச் சில மாதமாகும். ஆறு மாதம் கழித்தும் அலமாரிக் காலில் மூத்திரம் அடிக்கிறான் என்றால், அது பழகிப்போனது. அந்த இடத்தை நன்றாகக் கழுவி வாசனை போக்கி, காலையிலும் மாலையிலும் கயிற்றோடு வெளியே கூட்டிப் போய்ப் பழக்குங்கள்.